கூம்பும் வளையமும்: வீட்டு மெஷினில் காப்பிக்கொட்டை அரைக்கும் பதம்

கிரைண்டர் வேண்டும் என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தியாகதுருகம் கடைத்தெருவில் கேட்டால் இட்லி மாவு ஆட்டும் கிரைண்டரைத்தான் காட்டுவார்கள். அதனால் இந்த அத்தியாயம் முழுக்க காப்பி மெஷின் என்றே எழுதுகிறேன். கையால் சுற்றுவதாகவும் இருக்கலாம், மின்சாரத்தில் ஓடுவதாகவும் இருக்கலாம். கொட்டை அரைபடும் இடத்தில் நடுவே ஒரு கூம்பு, அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து ‘பர்’ என்பார்கள். இருந்தால் இங்கே சொல்வது உங்கள் மெஷினுக்குப் பொருந்தும். மிக்ஸியின் பிளேடுக்குப் பொருந்தாது.

இந்த அத்தியாயம் முடியும்போது உங்கள் கையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: உங்கள் மெஷினின் பூஜ்யம் எது, உங்கள் பில்டருக்கு ஏற்ற பதம் எத்தனையாவது கிளிக் (பதம் மாற்றும் திருகின் ஒரு படி), காப்பி கசந்தாலோ புளித்தாலோ எந்தப் பக்கம் திருப்புவது.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

- வறுத்த கொட்டை, குறைந்தது கால் கிலோ. பதம் பிடிப்பதற்குள் நூறு கிராமாவது செலவாகும்.
- கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு
- இரண்டு பேருக்கான பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டர்
- உலர்ந்த சின்ன பிரஷ். வாட்டர்கலர் பிரஷ் போதும்.
- மாவு சலிக்கும் சல்லடை, வெள்ளைத் தாள், ஒரு நோட்டு

கொட்டை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ வறுத்து அரைத்துத் தரும் காப்பிக்கடையில் அரைக்காமல் கொட்டையாகவே கேளுங்கள். இந்தப் பகுதிக்குப் பக்கத்துக் காப்பி ஏற்காடுதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். இன்றும் அங்கே அராபிகா விளைகிறது. வறுத்த தேதி தெரிந்த கொட்டை கிடைத்தால் வறுத்த நான்காம் நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அரைத்து முடியுங்கள்.

ஆட்டுக்கல்லும் திருகையும்

தத்துவம் இவ்வளவுதான். ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழி அசையாமல் இருக்கும், அதற்குள் குழவி சுற்றும். கூம்பு மெஷினிலும் அப்படியே. வளையம் அசையாது, கூம்பு சுற்றும். திருகை வேறு ஜாதி. கல்வராயன் மலை ஊர்களில் கேழ்வரகு திரித்த திருகை, தட்டைக் கல்லின் மேல் தட்டைக் கல். காப்பிக்கடையில் ஓடும் பெரிய மெஷின் பெரும்பாலும் இந்தத் திருகை வம்சம்தான், இரும்புத் தட்டோடு இரும்புத் தட்டு.

கூம்பின் மேல்பகுதியில் பெரிய பற்கள் இருக்கின்றன. அவை கொட்டையைக் கவ்வி உடைக்கும். உடைந்த துண்டுகள் தம் எடையிலேயே கீழே இறங்கும். கீழே போகப்போக இடைவெளி குறுகும், பல் பொடியாகும். கூம்பின் அடி விளிம்புக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள சந்துதான் கடைசிப் பதத்தைத் தீர்மானிக்கிறது. மெஷினில் நீங்கள் திருப்பும் திருகு செய்வதெல்லாம் கூம்பையோ வளையத்தையோ மயிரிழை அளவு ஏற்றுவதும் இறக்குவதும்தான்.

எந்த மெஷினானாலும் பொடி ஒரே அளவில் வராது. நெல் மில் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரே மூட்டை நெல்லிலிருந்து அரிசி, குருணை, நொய், தவிடு எல்லாம் வருகிறதே, அப்படித்தான். வறுத்த கொட்டை கண்ணாடி மாதிரி நொறுங்கும். நீங்கள் கேட்ட அளவில் வரும் துகளோடு, 0.1 மில்லிமீட்டருக்கும் கீழான மாவும் சேர்ந்தே வரும். மாவு தன் சாற்றைச் சில நொடியிலேயே தண்ணீருக்குக் கொடுத்துவிடும். திடமும் கசப்பும் அதிலிருந்து வருகின்றன. பெரிய துகள் மெதுவாகத்தான் கொடுக்கும், உள்ளே கொஞ்சம் கொடுக்காமலேயே மிஞ்சும். மணமும் இலேசான புளிப்பும் அதன் பங்கு.

வெளிநாட்டுக் காப்பிக்காரர்கள் இந்த மாவைக் குறைப்பதற்கே பெரும் செலவு செய்கிறார்கள். தாளில் வடித்து, பால் விடாமல் குடிப்பவர்களுக்கு அது நியாயம். நம் பில்டரில் தாள் கிடையாது, துளையிட்ட தட்டு மட்டுமே. உண்மையில் டிகாஷனை வடிகட்டுவது பொடிப் படுகைதான். அதற்குள் கொஞ்சம் மாவு இருந்தால்தான் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும், பால் விட்ட பிறகும் காப்பி காப்பியாக நிற்கும். துகளையும் மாவையும் கலந்து தரும் கூம்பு மெஷின் பில்டர் காப்பிக்கு மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மாவு எவ்வளவு வரலாம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் திறந்து பாருங்கள்

புது மெஷினானாலும் கொட்டை போடுவதற்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

1. மின்மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே கை விடக் கூடாது.
2. வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். ஸ்பிரிங், வாஷர் இரண்டும் எந்தப் பக்கம் இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.
3. கூம்பைத் தண்டு பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். அடி விளிம்பை விரலால் தடவ வேண்டாம். புது எஃகுப் பல் பிளேடு மாதிரி அறுக்கும்.
4. வளையம் தன் குழியில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஒரு சிட்டிகை பழைய பொடி சிக்கியிருந்தாலும் வளையம் ஒரு பக்கம் சாயும். ஒரு பக்கம் சந்து பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் ஆகிவிடும். அப்போது ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும், எந்த கிளிக்கிலும் அது தீராது.
5. பூட்டிய பிறகு தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விலை குறைந்த கைமெஷின்கள் சிலவற்றில் தண்டு மேலே ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். பதத்தைப் பெரிதாக வைக்கும்போது கூம்பு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஆடும், ஆடினால் துகள் கலைந்து வரும். பதத்தைப் பொடியாக வைத்தால் வளையமே கூம்பை ஓரளவு நடுவில் நிறுத்திவிடும். பில்டருக்கு நமக்கு வேண்டியது பொடிப் பதம் என்பதால், இப்படிப்பட்ட மெஷினை வைத்திருப்பவர்கள் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் தண்டை மேலும் கீழுமாக இரண்டு பேரிங் பிடித்திருக்கும் மெஷினாகக் கேட்டு வாங்குங்கள். இன்று பரவலாகக் கிடைக்கும் டைம்மோர் சி2 போன்ற கைமெஷின்களில் 38 மில்லிமீட்டர் எஃகுக் கூம்பும் இந்த இரட்டைப் பிடிப்பும் உண்டு. மின்மெஷினில் பரட்ஸா என்கோர் 40 மில்லிமீட்டர் கூம்போடும் நாற்பது பதங்களோடும் வருகிறது.

எஃகா, செராமிக்கா என்று கேட்பவர்களுக்கு: எஃகு கூர்மையாக வெட்டும், சீக்கிரம் அரைக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். செராமிக் துருப்பிடிக்காது, தண்ணீரில் கழுவலாம், ஆனால் வெட்டுவதைவிட நொறுக்குவது அதிகம். கீழே விழுந்தாலோ கல் சிக்கினாலோ தெறித்துவிடும். இருபது கிராம் அரைக்க எஃகில் ஒரு நிமிடம் என்றால் செராமிக்கில் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். என் ஓட்டு எஃகுக்கு.

பூஜ்யம் கண்டுபிடித்தல்

கூம்பும் வளையமும் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடம்தான் பூஜ்யம். அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

1. மெஷினில் ஒரு கொட்டைகூட இல்லாமல் காலி செய்யுங்கள்.
2. பிடியை மெல்லச் சுற்றிக்கொண்டே, பதம் மாற்றும் திருகைப் பொடிப் பக்கமாக ஒவ்வொரு கிளிக்காக நகர்த்துங்கள்.
3. இலேசாக உரசும் சத்தம் கேட்கும். இன்னும் ஒன்றிரண்டு கிளிக்கில் பிடி தானாகச் சுழல மறுக்கும். அங்கே நிறுத்துங்கள், மேலும் முறுக்கக் கூடாது.
4. அந்த இடத்தைப் பூஜ்யம் என்று நோட்டில் எழுதி, அங்கிருந்து வெளிப்பக்கமாக எண்ணுங்கள்.

செராமிக் கூம்பானால் உரசும் சத்தம் கேட்டதுமே நிறுத்திவிடுங்கள்; உரசும் நிலையில் தொடர்ந்து சுற்றினால் பல் போய்விடும். மின்மெஷினில் பூஜ்யம் தேடப் போக வேண்டாம். அதன் மேல் போட்டிருக்கும் மிகச் சிறிய எண்ணையே ஆரம்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: பெங்களூரில் இருக்கும் மருமகன் பதினெட்டாவது கிளிக்கில் வைக்கிறார் என்பதற்காக நீங்களும் பதினெட்டில் வைப்பது. அவர் மெஷின் வேறு, அதன் பூஜ்யம் வேறு, அவர் பில்டரின் துளையும் வேறு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு மூன்று கிளிக் வித்தியாசம் இருக்கும்.

கொட்டையைப் பொறுக்குங்கள்

இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். காப்பிப் பழம் பல இடங்களில் களத்தில் வெயிலில்தான் காய்கிறது. களத்துக் கல் கொட்டையோடு வந்துவிடுவது உண்டு, வறுத்த பிறகு அது கொட்டை நிறத்திலேயே இருக்கும். நான் ஒரு கடையில் வாங்கி வந்த கொட்டையில் மிளகளவு கல் ஒன்று இருந்தது. என் பழைய செராமிக் கூம்பில் இரண்டு பல் தெறித்துப் போயின. அந்தச் செராமிக் தூள் பொடியில் கலந்திருக்கும் என்பதால் பில்டரில் போட்டதை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

இருபது கிராமைத் தட்டில் பரப்பினால் அரை நிமிட வேலை. அரிசியில் கல் பார்க்கும் அதே கண் போதும். கல், குச்சி, முழுக்கக் கருகிய கொட்டை, வெளிறி வெள்ளையாக இருக்கும் முதிராத கொட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முதிராதது வறுபடாது, அரைத்தால் நிலக்கடலைத் தோல் போன்ற ஒரு வாடை கொடுக்கும்.

அரைக்கும்போது பிடி திடீரென்று கல்லில் மோதியது போல நின்றால் அழுத்திச் சுற்றாதீர்கள். பின்பக்கமாகச் சுற்றித் தளர்த்தி, கவிழ்த்துக் கொட்டி, என்ன சிக்கியது என்று பாருங்கள்.

பதம் பிடித்தல்

இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்காக ஒதுக்குங்கள். சிக்கரி இல்லாத வெறும் காப்பியில்தான் பதம் பிடிக்க வேண்டும். பிறகு சிக்கரி சேர்த்துக்கொள்ளலாம்.

1. பம்பாய் ரவையைவிடக் கொஞ்சம் பொடியான பதத்தில் தொடங்குங்கள். துகள் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். பெரிதிலிருந்து பொடிக்குப் போவதே வழி. பொடியில் தொடங்கினால் பில்டர் அடைத்துக்கொண்டு அரை நாள் போய்விடும்.
2. முதலில் மூன்று நான்கு கிராம் அரைத்துக் கொட்டிவிடுங்கள். முந்தின பதத்தின் பொடி சந்துகளில் தங்கியிருக்கும், அது போக வேண்டும். ஒவ்வொரு முறை பதம் மாற்றும்போதும் இதைச் செய்ய வேண்டும். மின்மெஷினில் இது கட்டாயம்.
3. இருபது கிராம் அரையுங்கள். ஒரே வேகத்தில் சுற்றுங்கள்.
4. ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். விரலில் எடுத்துத் தேயுங்கள். நெறுநெறுவென்று இருக்க வேண்டும், விரலில் இலேசாக மட்டும் மாவு ஒட்ட வேண்டும். சந்தனம் மாதிரி பூசினால் மாவு அதிகம்.
5. பில்டரின் மேல்பாத்திரத்தில் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்துங்கள். விரலால் அமுக்க வேண்டாம். குடையை (காம்பு வைத்த அழுத்தும் தட்டை) மேலே இலேசாக வையுங்கள்.
6. தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிடம் கழித்து, முதலில் 30 மில்லி மட்டும் சுற்றிலும் விடுங்கள். பொடி ஊறி உப்பும். அரை நிமிடம் பொறுத்து இன்னும் 90 மில்லி விட்டு மூடுங்கள். போனில் நேரத்தை ஓட விடுங்கள்.
7. சொட்டு நிற்கும் நேரத்தையும் இறங்கிய டிகாஷன் அளவையும் எழுதுங்கள். 120 மில்லி விட்டால் 80 மில்லி அளவுக்கு இறங்கும். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.
8. ஒரு கரண்டி டிகாஷனைப் பால் இல்லாமல் சுவையுங்கள். பிறகு 40 மில்லி டிகாஷனுக்கு 100 மில்லி பால் என்று கலந்து சுவையுங்கள்.
9. ஒரு நேரத்தில் இரண்டு கிளிக் மட்டும் மாற்றுங்கள். தண்ணீர், எடை, கொட்டை எதையும் மாற்றாதீர்கள்.

என் வீட்டுப் பித்தளை பில்டரில் வெறும் காப்பி 8 முதல் 12 நிமிடத்தில் இறங்கும் பதம்தான் நல்ல காப்பி தருகிறது. உங்கள் பில்டரின் துளை பெரிதாக இருந்தால் இதில் இரண்டு நிமிடம் குறையலாம். இந்த நேரத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, முடிவை நாக்கிடம் விடுங்கள்.

நாக்கு சொல்வதும் கை செய்ய வேண்டியதும்

மூன்று நான்கு நிமிடத்திலேயே மளமளவென்று இறங்கி, டிகாஷன் வெளிறி, குடித்ததும் புளிப்பு மட்டும் நாக்கில் நின்று, பால் விட்டதும் காப்பி மறைந்துபோனால் சந்து பெரிது. இரண்டு கிளிக் பொடியாக்குங்கள்.

அரை மணி நேரம் ஆகியும் மேலே தண்ணீர் நிற்கிறது, இறங்கியது கருகருவென்று கடுப்பாக இருக்கிறது, தொண்டையில் வறட்சி தங்குகிறது என்றால் மாவு அதிகம். இரண்டு கிளிக் பெரிதாக்குங்கள். நம் வீடுகளில் இப்படி அடைத்துக்கொண்ட பில்டரை உள்ளங்கையால் தட்டுவார்கள், குடையைத் தூக்கிக் கிளறுவார்கள். கிளறினால் படுகை உடைந்து மாவெல்லாம் டிகாஷனில் இறங்கிவிடும். அன்றைக்குப் பொறுத்துக்கொண்டு அடுத்த முறை பதத்தை மாற்றுங்கள். காலியான பில்டரின் துளைகளில் பழைய மாவு இறுகியிருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுப்புத் தணலில் தட்டைக் காட்டித் துளை திறக்கும் பழைய பழக்கம் நல்ல பழக்கம்தான். இடுக்கியால் பிடித்து, ஆறிய பிறகு ஊசியாலும் பிரஷாலும் சுத்தம் செய்யுங்கள்.

புளிப்பும் கசப்பும் ஒன்றாக வந்தால் கிளிக்கைத் தொடாதீர்கள். பெரிய துகளும் மாவும் அளவுக்கு மீறிக் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். வளையம் சாய்ந்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும், அல்லது தண்டு ஆடும். மெஷினைத் திறந்து பாருங்கள்.

கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் கொட்டை பழசு. பதம் அதைக் காப்பாற்றாது.

சரியான பதத்தில் வந்த டிகாஷன் டம்ளரின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டி மெல்ல வழியும், கள்ளிச்சொட்டு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அப்படி. பால் விட்டதும் நிறம் செம்பழுப்பாக வர வேண்டும், சாம்பல் படியக் கூடாது.

குறிப்பு: சல்லடைச் சோதனை. பதம் பிடித்த அன்று பத்து கிராம் அரைத்து, மாவு சலிக்கும் மெல்லிய சல்லடையில் ஒரு நிமிடம் மெதுவாகச் சலித்து, கீழே விழுந்த மாவை எடை போட்டு எழுதிவையுங்கள். அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, சல்லடைக்குச் சல்லடை மாறும். ஆறு மாதம் கழித்து அதே சல்லடையில் அதே கிளிக்கில் மாவு கூடியிருந்தால் பல் மழுங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மாவைக் குறைக்க ஒரு கைவித்தை. கைமெஷினை நேராகப் பிடித்துக் கொட்டையை முழுக்க நிரப்பினால் கூம்புக்குள் கொட்டை நெருக்கியடித்து இறங்கும், துண்டோடு துண்டு உரசி மாவு கூடும். மெஷினைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் கொட்டை ஒவ்வொன்றாக இறங்கும், மாவு குறையும். ஒரே கிளிக்கில் இரண்டு விதமாகவும் அரைத்துக் குடித்துப் பாருங்கள். ஒன்றில் திடம், ஒன்றில் தெளிவு. பாலில்லாமல் குடிக்கும் நாளில் நான் சாய்த்துத்தான் அரைக்கிறேன்.

சிக்கரி

சிக்கரிக் கட்டியைக் கூம்பு மெஷினில் போடாதீர்கள். வறுத்த சிக்கரி காற்றில் உள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும், பல்லிடுக்கில் பிசின்போல் ஒட்டும், பிறகு அரைக்கும் காப்பியெல்லாம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சிக்கரியைப் பொடியாக வாங்கி, காப்பி அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள்.

16 கிராம் காப்பிக்கு 4 கிராம் சிக்கரி போதும். கடையில் விற்கும் கலவையில் சட்டப்படி காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். வீட்டில் அரைப்பதால் அந்த அளவு உங்கள் கையில் வருகிறது. சிக்கரி ஊறிக் கெட்டிப்படும், துளையை மூடும். வெறும் காப்பி பத்து நிமிடத்தில் இறங்கிய அதே பதம் சிக்கரியோடு பதினைந்து இருபது நிமிடம் எடுக்கும். அது சரியான நேரம்தான். இருபத்தைந்தைத் தாண்டினால் காப்பிப் பதத்தை ஒரு கிளிக் பெரிதாக்குங்கள். சிக்கரியின் வேலை திடம் தருவது என்பதால், சிக்கரி போடும் வீட்டில் மாவுக்கு அவ்வளவு தேவை இருக்காது.

அதே கிளிக், வேறு காப்பி

பதம் பிடித்துவிட்டோம் என்று நோட்டை மூடி வைத்துவிட முடியாது. கொட்டை மாறினால் பதமும் மாறும்.

கருக வறுத்த கொட்டை எளிதில் நொறுங்கும், மாவு அதிகம் வரும். ஒன்றிரண்டு கிளிக் பெரிதாக்குங்கள். இலேசாக வறுத்தது கல்லாக இருக்கும், அதற்குப் பொடிப் பதம் வேண்டும். ரொபஸ்டா கலந்த கொட்டையில் கசப்பும் திடமும் ஏற்கெனவே அதிகம் என்பதால் ஒரு கிளிக் பெரிதாக வைத்தால் நன்றாக இருக்கும். பழத்துக்குள் ஒற்றை விதையாக விளையும் பீபெரி உருண்டையாக, சின்னதாக இருக்கும். தட்டைக் கொட்டையிலிருந்து பீபெரிக்கு மாறும் நாளில் சொட்டும் நேரத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.

வெயிலும் கணக்கில் வரும். 2016இல் ‘சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை, குளிர்ந்த கொட்டையை அரைத்தால் துகள் பொடியாகவும் ஒரே சீராகவும் வருகிறது என்று அளந்து காட்டியது. நம் சித்திரை வெயிலில் சமையலறைக் கொட்டை மார்கழிக் காலைக் கொட்டையைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். கோடையில் மெஷினையும் டப்பாவையும் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். கொட்டையைப் பிரிட்ஜில் வைப்பதானால் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் தனித்தனி பொட்டலமாகக் காற்றுப்புகாமல் கட்டி வையுங்கள். எடுத்த உடனே அரைத்துவிட வேண்டும். திறந்து வைத்தால் ஈரம் பூத்துவிடும்.

பொடி மெஷின் சுவரில் ஒட்டிக்கொண்டு பறக்கிறது என்றால் அது உராய்வில் உண்டாகும் மின்னேற்றம். மாவுதான் அதிகம் ஒட்டும், அதனால் பில்டருக்குப் போகும் கலவையும் மாறிவிடும். அரைப்பதற்கு முன் கொட்டையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, கரண்டிக் காம்பால் கிளறிவிடுங்கள். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர், எரிமலைச் சாம்பலின் மின்னேற்றத்தை ஆராய்கிறவர்களோடு சேர்ந்து 2023 கடைசியில் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்துக்கு விளக்கம் சொல்லியிருக்கிறது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், எஃகுப் பல்லுக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி மழைக்காலத்தில் இந்தச் சொட்டுக்குத் தேவையே இருக்காது.

சுத்தமும் பாதுகாப்பும்

- தினமும் அரைத்து முடிந்ததும் பிரஷால் பொடியைத் தட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். காப்பி எண்ணெய் பல்லில் படிந்து சிக்கு வாடை அடித்தால் எத்தனை நல்ல கொட்டையும் வீண்.
- எஃகுக் கூம்பைக் கழுவக் கூடாது. உலர்ந்த துணியும் பிரஷும் மட்டும். செராமிக்கைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பூட்டுங்கள்.
- அரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்யும் யோசனையைக் கேட்காதீர்கள். பச்சரிசி காப்பிக்கொட்டையைவிடக் கடினம், மோட்டாரும் பல்லும் திணறும்.
- பொடிப் பக்கம் திருகும்போது மெஷின் காலியாக இருக்க வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் கொட்டை சிக்கியிருக்க முறுக்கினால் தண்டு வளையும்.
- கைமெஷினில் பிடியைக் கழற்றி டிரில் மெஷினை மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிரில்லின் விசை கையிலிருந்து மெஷினைப் பிடுங்கிச் சுழற்றிவிடும். மணிக்கட்டு பிசகும், முந்தானையோ துப்பட்டாவோ சுற்றிக்கொள்ளும்.
- மின்மெஷின் ஓடும்போது மேல்வாயில் விரலோ கரண்டியோ விடாதீர்கள். கொட்டை இறங்கவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குச் சுற்றிப் பார்க்க ஆசை வரும். பூட்டிய கைமெஷினைக் கொடுங்கள், கழற்றிய கூம்பைக் கொடுக்காதீர்கள்.
- மின்வெட்டு நடுவில் வந்தால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது, அரைபாதி கொட்டையோடு நிற்கும் மோட்டார் திடீரென்று இழுக்கும்.

பல் தேய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது

எஃகுக் கூம்பு வீட்டு உபயோகத்தில் பல வருடம் உழைக்கும், கல் மட்டும் சிக்காமல் இருக்க வேண்டும். தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. இருபது கிராம் அரைக்க எடுக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அதே சொட்டும் நேரத்துக்காக வருடா வருடம் ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று மாற்றிக்கொண்டே போவீர்கள். மழுங்கிய பல் வெட்டாமல் நசுக்குவதால் மாவு கூடிக்கொண்டே வரும். நோட்டில் எழுதிவைத்த பழைய எண்ணும் சல்லடைக் கணக்கும் இங்கேதான் உதவும்.

மாற்றும்போது கூம்பையும் வளையத்தையும் ஜோடியாகவே வாங்குங்கள். புதுக் கூம்பைப் பழைய வளையத்தில் பூட்டினால் சந்து எங்குமே சமமாக வராது. புது ஜோடியில் முதல் நூறு கிராமை மலிவான கொட்டையில் ஓட்டி, அந்தப் பொடியைச் செடிக்குப் போட்டுவிட்டு, பூஜ்யத்தை மறுபடி கண்டுபிடித்து நோட்டில் புதுத் தேதியோடு எழுதுங்கள்.